குருவி யாருக்குச் சொந்தம்?

ஜாக்கெட் என்றதும் ரவிக்கை என்று நினைத்துவிடாதீர்கள். இந்தத் தடவை நான் சொல்லப்போவது பனியில் போட்டுக்கொள்கிற ஜாக்கெட். தலையில் குல்லாய், கழுத்துவரை ஜிப், பத்துப் பன்னிரண்டு பை, உள்ளே பஞ்சு, வெளியே தண்ணீர் இறங்காத துணி. கையில் எடுத்தால் ஒரு கைக்குழந்தை கனம் இருக்கும். அமெரிக்காவில் வெர்மாண்ட் என்று ஒரு மலைநாட்டு மாநிலம். அங்கே ஷாம்ப்ளெய்ன் ஏரிக்கரையில் பர்லிங்டன் என்ற ஊரில் என் பிள்ளை குடித்தனம். இரண்டு குளிர்காலம் அங்கே இருந்துவிட்டு வந்தேன். நம் மார்கழிக் குளிரெல்லாம் குளிரே இல்லை சகோதரிகளே! ராத்திரியில் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரிகூடப் போகிறது. வாசலில் வைத்த தண்ணீர் வாளி காலையில் பாறாங்கல்.

அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பைத்தியம், ஸ்நோபோர்ட். பனிமலை உச்சியில் ஒரே பலகையில் இரண்டு காலையும் பூட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நின்றபடி சர்ரென்று கீழே இறங்குவது. இரண்டு காலுக்கும் இரண்டு நீளக் கட்டை மாட்டிக்கொண்டு போகிறார்களே, அது ஸ்கீ. அது மிகப் பழைய காலத்து விளையாட்டு. இந்த ஒற்றைப் பலகை நம் காலத்துச் சரக்கு. அது பிறந்த கதையைக் கேட்டால் உங்களுக்கு சிரிப்பு வரும்.

1965-ஆம் வருஷம், கிறிஸ்துமஸ் தினம். மிச்சிகன் மாநிலத்தில் மஸ்கீகன் என்ற ஊர். ஷெர்மன் பாப்பன் என்கிற பொறியாளர் வீட்டில் மனைவி நான்ஸி கர்ப்பிணி. பெண் குழந்தைகள் வீட்டுக்குள் ஒரே ரகளை. 'இதுகளைக் கொஞ்சம் வெளியே கூட்டிக்கொண்டு போய்த் தொலையுங்களேன்' என்று அந்த அம்மாள் சொல்லியிருக்க வேண்டும். எந்தக் கர்ப்பிணியும் சொல்வதுதானே! அவர் இரண்டு ஸ்கீ கட்டைகளைச் சேர்த்து இணைத்து, பனியில் நின்றபடியே சறுக்கும்படி குழந்தைகளுக்குச் செய்து கொடுத்தார். பனி, அலைச்சறுக்கு இரண்டுக்குமான இங்கிலீஷ் வார்த்தைகளைக் கலந்து 'ஸ்நர்ஃபர்' என்று பெயர் வைத்தவர் நான்ஸி. மறுவருஷமே ஒரு கம்பெனி உரிமம் வாங்கி அதைத் தயாரிக்க ஆரம்பித்துவிட்டது. அப்படி ஒரு ஸ்நர்ஃபரில் சறுக்கி வளர்ந்த ஜேக் பர்ட்டன் என்ற பையன் 1977-ல் வெர்மாண்டில் லண்டன்டெரி என்கிற கிராமத்தில் பலகை செய்ய உட்கார்ந்தான். இன்று பர்ட்டன் கம்பெனியின் தலைமை அலுவலகம் இருப்பது பர்லிங்டனில்தான். அவர் 2019-ல் காலமானார். அவர் மனைவி டோனா ஆரம்ப காலத்திலிருந்தே வியாபாரத்தில் கூட நின்றவர். 2016-ல் கம்பெனியின் தலைமை நிர்வாகியாகவே பொறுப்பு ஏற்றார்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த ஊரில் தடுக்கி விழுந்தால் இந்தத் தொழிலில் இருக்கும் ஒருவர் மேல்தான் விழவேண்டும். தையல் மாதிரி போடுகிறவர், பலகை பழுது பார்க்கிறவர், கடை வைத்திருக்கிறவர், படம் எடுக்கிறவர் என்று பல பேர். எங்கள் எதிர்வீட்டுப் பெண் ஜாக்கெட்டுக்குப் படம் போடுகிறவள்.

முப்பது வயசுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். ஒன்றரை வயசில் ஒரு ஆண் குழந்தை. புருஷன் தச்சு வேலை. பனிக் காலத்தில் பாதி நாள் வேலை இருக்காது. என் பேத்தி என்னைப் 'பாட்டி, பாட்டி' என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் என் பெயர் என்று நினைத்துக்கொண்டுவிட்டாள். நானும் திருத்தவில்லை. அந்த நாக்கில் அது 'பாடி' என்றுதான் வந்தது, போகட்டும்.

அவள் எந்தக் கம்பெனியிலும் மாதச் சம்பளத்துக்கு இல்லை. தனிக்காட்டு ராணி. பனிச்சறுக்கு உடை தயாரிக்கும் கம்பெனிகள் ஒவ்வொரு பருவத்துக்கும் புதுப் படங்கள் கேட்பார்கள். முதுகில் ஒரு பெரிய படம், உள் லைனிங் முழுக்க ஒரு டிசைன், குல்லாயில் ஒன்று, டி-ஷர்ட்டில் ஒன்று என்று வேலை வரும். இந்தக் குளிருக்கு வரைந்தது அடுத்த குளிருக்குக்கூடக் கடைக்கு வராது. துணி நெய்து, அச்சடித்து, தைத்து, கப்பலேற்றி வர ஒன்றரை வருஷம் ஆகிவிடும். இவள் ஆடிக் காற்றடிக்கும் காலத்தில் சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு பனிமனிதன் வரைவாளாம்!

வேலை நேரம்? குழந்தை தூங்கும் நேரம்தான். சமையலறை மேஜையில் ஒரு ஓரத்தில் குழந்தையின் கஞ்சிக் கிண்ணம், மறு ஓரத்தில் மையும் தூரிகையும். முதலில் காகிதத்தில் கையால் வரைவாள். பிறகு அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, நிறம் பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் நம்பர் போடுவாள். 'சிவப்பு' என்று எழுதி அனுப்பினால் போதாது. எந்தச் சிவப்பு என்று உலகம் பூராவும் அச்சகங்களுக்குத் தெரிந்த நிற அட்டையில் எண் பார்த்துக் குறிக்கவேண்டும். நம் புடவைக் கடையில் 'அரக்குதான், ஆனால் அந்த அரக்கு இல்லை' என்று அரை நாள் அலைகிறோமே, அந்தத் தொல்லைக்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்து.

ஒருநாள் லைனிங் டிசைனை மேஜையில் விரித்துக் காட்டினாள். ஒரு சதுரத்துக்குள் வரைந்ததை மேலும் கீழும் பக்கத்திலும் வைத்துக்கொண்டே போனால் எங்கே ஒட்டினோம் என்று தெரியாமல் ஓடவேண்டும். வலது ஓரத்தில் வெளியே போகும் கிளை இடது ஓரத்தில் சரியாக உள்ளே வரவேண்டும். ஒரு நூல் பிசகினாலும், ஆயிரம் கஜத்துக்கும் அந்தப் பிசகு திரும்பத் திரும்ப வரும். "இது எங்கள் புள்ளிக் கோலம்" என்று அவள் பென்சிலையே வாங்கி, பதினைந்து புள்ளி வைத்து ஊடு புள்ளியில் கம்பி இழுத்துக் காட்டினேன். அந்தப் பெண் பத்து நிமிஷம் பேசவில்லை. அப்புறம், "பாட்டி, இதை உங்களுக்கு எந்தக் காலேஜில் சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று கேட்டாளே பார்க்கலாம்!

ஆனால் ஜாக்கெட் என்பது தட்டையான வாசல் இல்லை. படம் எங்கே விழும் என்று தெரிந்து வரையவேண்டும். நடுவில் ஜிப் வரும். பறவையின் முகம் அங்கே வந்தால் மூக்கு இரண்டாகப் பிளந்துபோகும். அக்குளில் மடிப்பு. தோளில் மூட்டை தூக்கும் பட்டை. சின்ன சைஸில் அழகாக இருக்கும் படம் பெரிய சைஸில் காணாமல் போகும். எம்பிராய்டரி போடலாமே என்று கேட்டேன். ஊசி குத்திய ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் தண்ணீர் உள்ளே வந்துவிடுமாம். அதனால்தான் நல்ல ஜாக்கெட்டில் தையலுக்கு உட்பக்கம் முழுக்க நாடா ஒட்டியிருக்கிறது. துணியில் 10,000 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தால், பத்து மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைக்கூட அந்தத் துணி தாங்கும் என்று அர்த்தம். பாலியஸ்டர் துணியில் படம் ஏற்றுவதற்கு மையை ஒரு காகிதத்தில் அச்சடித்து, துணிமேல் வைத்து, ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் அழுத்துகிறார்கள். சாயம் ஆவியாகி நூலுக்குள்ளேயே புகுந்துகொள்கிறது, துவைத்தாலும் போகாது. இதில் ஒரு வேடிக்கை, வெள்ளை நிறத்தை மட்டும் அச்சடிக்க முடியாது. வெள்ளை வேண்டிய இடத்தில் துணியை வெறுமனே விட்டுவிட வேண்டும். பனியை வரைவது என்றால் வரையாமல் விடுவது!

நம்மில் பலருக்குப் பிள்ளையோ பெண்ணோ குளிர்நாட்டில் இருக்கிறார்கள், அதனால் இடையிலே ஒரு வார்த்தை. பேரக்குழந்தைக்குப் பனி உடுப்பு வாங்கும்போது படத்தை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். உள்ளே பருத்தி பனியன் கூடாது. வியர்வையில் நனைந்தால் பருத்தி காயாது, உடம்பைச் சில்லிட வைத்துவிடும்; கம்பளியோ பாலியஸ்டரோதான் சரி. மேலே பளிச்சென்ற ஆரஞ்சோ மஞ்சளோ இருந்தால் வெள்ளைப் பனியில் குழந்தை தூரத்திலிருந்தே கண்ணுக்குப் படும். இன்னொன்று: தண்ணீர் உருண்டு ஓடுவதற்காகத் துணிமேல் பூசிவந்த ஒருவகை ஃபுளோரின் ரசாயனங்கள் மண்ணிலும் தண்ணீரிலும் எளிதில் அழியாமல் தங்கிவிடுகின்றன என்பதால், கலிபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி முதல் புதுத் துணிகளில் அவற்றைத் தடுத்திருக்கிறது. கடும் மழைக்கான உடுப்புக்கு மட்டும் 2028 வரை தவணை. அதுவும் சீட்டில் தெரிவித்தால்தான். 'பிஎஃப்ஏஎஸ் இல்லை' என்று சீட்டில் போட்டிருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். கேட்பதில் என்ன தப்பு?

சரி, படத்துக்கு வருகிறேன். இந்த உடுப்புகளில் எதையும் போட்டுவிடலாம் என்று ஒரு காலம் இருந்தது. 2008-ல் பர்ட்டன் கம்பெனி சில பலகைகளில் அரை நிர்வாணப் பெண்களின் பழைய பத்திரிகைப் படங்களையும், வேறு சிலவற்றில் தன் கையைத் தானே வெட்டிக்கொள்வது போன்ற சித்திரங்களையும் போட்டபோது, பர்லிங்டனில் அந்த அலுவலகத்து வாசலிலேயே ஜனங்கள் அட்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள். கம்பெனி பின்வாங்கவில்லை. எதிர்வீட்டுப் பெண் அப்போது பள்ளிக்கூட மாணவி. "என் அம்மாவும் போய் நின்றாள், பாட்டி. எனக்கு அன்றைக்கு ஒரே அவமானமாக இருந்தது. இப்போது குழந்தை பிறந்தபிறகு அம்மா எதற்கு நின்றாள் என்று தெரிகிறது" என்றாள். விற்கிறவனுக்குச் சுதந்திரம் இருக்கிறது, வாஸ்தவம்தான். வாசலில் நிற்கும் அம்மாக்களுக்கும் அதே சுதந்திரம் இருக்கிறது என்பது என் கட்சி.

அதே கம்பெனி 2014-ல் ரஷ்யாவில் ஸோச்சி ஒலிம்பிக்ஸுக்கு அமெரிக்க அணிக்குத் தயாரித்த ஜாக்கெட், பாட்டிமார் காலத்து ஒட்டுத்துணிப் போர்வையைப் பார்த்து வடிவமைத்தது. நாம் பழைய புடவையைக் கிழித்துச் சதுரம் சதுரமாக ஒட்டுப்போட்டுத் தைப்போமே, அதேதான்! கெய்ட்லின் ஃபாரிங்டன் என்ற பெண் அந்த ஒட்டுப்போர்வை டிசைனோடுதான் தங்கப்பதக்கம் வாங்கினாள். யாரோ பெயர் தெரியாத ஒரு கிழவி விளக்கு வெளிச்சத்தில் தைத்த முறை, உலகமே டெலிவிஷனில் பார்த்தது.

பெண்களுக்கென்று தனி அளவில் பனி உடுப்பே இல்லாத காலமும் இருந்தது. ஆண்கள் சட்டையில் சின்ன சைஸாகப் பார்த்து மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். 1990-களில் டீனா பாஸிச், ஷானன் டன் என்ற இரண்டு வீராங்கனைகள் தோழி லிஸா ஹட்ஸனோடு சேர்ந்து பெண்களுக்கான உடுப்பு வரிசையே ஆரம்பித்தார்கள். டீனா படமும் வரைகிறவர். இவர்களுடைய தோழி ஒருத்திக்கு இளம் வயசிலேயே மார்பகப் புற்றுநோய் வந்தது. 'இந்த வயசில் வராது' என்று எல்லோரும் நினைக்கிற வயசு. 1996-ல் இந்த மூவரும் சேர்ந்து, பனிச்சறுக்கு விளையாடும் இளம்பெண்களுக்கு அந்த நோயைப் பற்றி எடுத்துச் சொல்லும் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள்; இன்றும் நடக்கிறது. குளிக்கும்போது கை தட்டுப்படும் கட்டியைப் 'பால் கட்டு'தானே என்று தள்ளிப்போடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். சின்ன வயசுத் தாய்மார்களுக்கு இதைச் சொல்ல எனக்கு ஒரு சாக்கு கிடைத்தது.

இனிமேல்தான் விஷயம்.

எதிர்வீட்டுப் பெண் கர்ப்பமாக இருந்தபோது கடைசி இரண்டு மாதம் டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார். படுக்கைப் பக்கத்தில் சன்னல். வெளியே ஒரு மரத்தில் சூரியகாந்தி விதை போட்டு ஒரு கூண்டு தொங்கவிட்டிருந்தார்கள். அங்கே ஒரு குருவி வரும். சிக்கடீ என்று பெயர். தன் பெயரைத் தானே சொல்லிக் கத்தும். உச்சந்தலை கறுப்பு, தொண்டை கறுப்பு, கன்னம் வெள்ளை. மற்றப் பறவைகளில் பாதி குளிருக்குப் பயந்து தெற்கே ஓடிப்போனாலும் இது மட்டும் அந்தப் பனியிலேயே கிடக்கும். படுத்தபடியே அந்தக் குருவியை நூறு விதமாக வரைந்தாள். பிறக்கப்போகும் குழந்தையின் தொட்டிலுக்குமேல் ஒட்டுவதற்காக வரைந்தது. பிறகு அதையே ஒரு டிசைனாகச் செய்து, மற்றப் படங்களோடு வைத்திருந்தாள்.

ஒரு கம்பெனிக்காரர்கள் பார்த்தார்கள். பெயர் வேண்டாம். ஜாக்கெட் லைனிங்குக்கு இந்தக் குருவிதான் வேண்டும் என்றார்கள். தொகையும் நல்ல தொகை. அந்தக் குளிர்காலம் பூராவும் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்ச் செலவும், வாரத்தில் மூன்று நாள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்குக் கட்டும் பணமும் அதில் அடங்கிவிடும். கூடவே எட்டுப் பக்கம் ஒப்பந்தம் வந்தது. படத்தின் சகல உரிமையும், உலகம் முழுவதற்கும், என்றென்றைக்கும், இருக்கிற எல்லா வடிவத்திலும், இனிமேல் கண்டுபிடிக்கப்போகிற வடிவத்திலும் கம்பெனிக்கே! அதாவது அந்தக் குருவியை அவள் ஒரு பிறந்தநாள் வாழ்த்து அட்டையில் அச்சடித்து விற்றாலும் குற்றம்.

புருஷன் கையெழுத்துப் போட்டுவிடு என்றான். அவனைக் குறை சொல்வதற்கில்லை. எண்ணெய்க்காரன் பில் மேஜையில் இருந்தது. அவள் மூன்று நாள் தூங்கவில்லை. நாலாம் நாள் மத்தியானம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"பாட்டி, நீங்கள் என்ன செய்வீர்கள்?"

எனக்குச் சட்டம் என்ன தெரியும்? தெரிந்ததைச் சொன்னேன். "வீட்டை விற்பது வேறு, வாடகைக்கு விடுவது வேறு. அவர்களுக்கு வேண்டியது குடியிருக்க இடம். பத்திரத்தை எதற்குக் கேட்கிறார்கள் என்று கேளேன்" என்றேன்.

என் மருமகள் உட்கார்ந்து மணிக்கணக்கில் படித்தாள். கலைஞர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும் வக்கீல்கள் அந்த நாட்டில் பல ஊர்களில் உண்டு. அப்படி ஒருவரிடம் போனில் பேசினாள். வந்து, "அத்தை, நீங்கள் சொன்னதைத்தான் வக்கீலும் இங்கிலீஷில் சொன்னார்" என்றாள். எனக்கு அன்றைக்குக் காப்பி கொஞ்சம் கூடவே ருசித்தது.

விஷயம் இதுதான். அமெரிக்காவில் சம்பளத்துக்கு இருப்பவர் வேலைக்காக வரைந்தால் படம் கம்பெனியுடையது. தனியாக இருப்பவர் வரைந்தால், எழுத்து மூலம் விட்டுக்கொடுத்தால் ஒழிய, படம் அவருடையதுதான். ஜேம்ஸ் ரீட் என்ற சிற்பி, வீடற்ற ஒரு குடும்பத்தைச் சிலையாகச் செய்தார். செய்யச் சொன்ன சங்கத்தார் 'எங்களுடையது' என்று வழக்காடினார்கள். 1989-ல் சுப்ரீம் கோர்ட் அவர் சங்கத்தின் சம்பள ஆள் அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. ஆடையில் போட்ட படத்துக்கு ஏது உரிமை என்பார்கள் சிலர். சியர்லீடர் பெண்களின் உடுப்பிலிருந்த கோடுகளும் பட்டைகளும் பற்றிய வழக்கில், ஆடையிலிருந்து தனியே பிரித்துப் பார்க்கக்கூடிய ஓவியத்துக்குக் காப்புரிமை உண்டு என்று 2017-ல் அதே கோர்ட் சொல்லிவிட்டது. இன்னும் ஒன்று: 1978-க்குப் பிறகு எழுதிக் கொடுத்த உரிமையை, முப்பத்தைந்து வருஷம் கழித்து முறைப்படி நோட்டீஸ் கொடுத்துத் திரும்பக் கேட்கலாம். முப்பத்தைந்து வருஷம்! தொட்டிலில் இருக்கும் பிள்ளைக்கு நரை தட்ட ஆரம்பித்துவிடும்.

நைக்கி கம்பெனியின் அந்த வளைந்த 'டிக்' அடையாளம் தெரியுமல்லவா? நம் ஊர்ப் பிளாட்பாரச் செருப்பில்கூட இருக்குமே! 1971-ல் அதை வரைந்தது கரோலின் டேவிட்ஸன் என்ற கல்லூரி மாணவி. கூலி 35 டாலர். 1983-ல் கம்பெனி அவரைக் கூப்பிட்டு விருந்து வைத்து, அந்தச் சின்னம் பதித்த வைர மோதிரமும் கொஞ்சம் பங்குகளும் கொடுத்தது. கொடுத்தது அவர்களுடைய நல்ல மனசு. எல்லாக் கம்பெனிக்கும் அந்த மனசு வரும் என்று நம்பி யாரும் அடுப்புப் பற்றவைக்க முடியாது.

எதிர்வீட்டுப் பெண் கம்பெனிக்குக் கடிதம் எழுதினாள். மூன்றே மூன்று கேட்டாள். குருவியை இரண்டு குளிர்காலத்துக்கு மட்டும் தருவேன். உடுப்புக்கு மட்டும் தருவேன். கோப்பை, போர்வை, பொம்மை எல்லாம் என்னிடமே இருக்கும். லைனிங்கில் ஒரு மூலையில் என் பெயர் சின்னதாக வரவேண்டும். கடிதத்தைத் தபாலில் போடுவதுபோல் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு, எங்கள் வீட்டுக்கு வந்து சாம்பார் சாதம் சாப்பிட்டாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது, பாவம்.

பதினோரு நாள் பதில் இல்லை. அந்தப் பதினோரு நாளில் அவள் வீட்டுச் சூட்டை இறக்கி வைத்துக்கொண்டு, குழந்தைக்கு மட்டும் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டு இந்தப் பெண் உள்ளதையும் இழந்துவிடப் போகிறாளே என்று எனக்கும் அடிவயிறு கலங்கத்தான் செய்தது.

பதில் வந்தது. முதல் இரண்டுக்கும் சம்மதம். பெயர் லைனிங்கில் வராது. கடையில் தொங்கும் காகிதச் சீட்டில் போடுகிறோம் என்றார்கள். தொகையில் மூன்றில் ஒரு பங்கு வெட்டு. எண்ணெய்க்கு ஆயிற்று, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு ஆகவில்லை. அதனால் வாரத்தில் மூன்று நாள் அந்தப் பிள்ளை எங்கள் வீட்டில்தான் வளர்ந்தது. 'நிலா நிலா ஓடி வா'வுக்குக் கை காட்டக் கற்றுக்கொண்டுவிட்டது!

அடுத்த பருவத்துக்கு அந்தக் கம்பெனி அவளைக் கூப்பிடவில்லை. காரணம் சொல்லவும் இல்லை. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும் அல்லவா? ஒரு பனிமலைக்குச் சுவரொட்டி, ஒரு கையுறைக் கடைக்கு நாலு டிசைன் என்று சில்லறை வேலைகள் வந்தன. வேலை குறைந்த நேரத்தில் குருவியைப் பிளானல் துணியில் அச்சடித்துக் குழந்தைப் போர்வை தைத்து, சனிக்கிழமைச் சந்தையில் விற்றாள். அடித்தளத்து அறையில் அச்சடிக்கிற மையின் நெடி தாங்காமல் தலைவலி வர, தண்ணீர் கலந்த மைக்கு மாறி, சன்னலைத் திறந்துவைத்துச் செய்கிறாள். தோள்பட்டை பிடித்துக்கொண்டதற்கு, அரைமணிக்கு ஒரு தரம் எழுந்து சுவரில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றிச் சாயச் சொன்னேன். தைக்கிறவர்கள், எழுதுகிறவர்கள் எல்லாருக்குமே அது நல்லது.

கோவையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். பெண் பி.காம். முடித்துவிட்டு எந்நேரமும் படம் வரைந்துகொண்டிருக்கிறாளாம். துணிக் கம்பெனி ஒன்று டிசைன் கேட்டிருக்கிறதாம். என்ன செய்வது என்று. அம்மா, நம் நாட்டுச் சட்டம் 1957-ல் வந்தது. அதன்படியும் பொதுவாக வரைந்தவரே முதல் உரிமையாளர். எழுதிக் கொடுக்கும்போது எத்தனை காலம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றும், எந்த இடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் வைத்துக்கொள்கிறது. ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது. டிசைனாகப் பதிவு செய்யக்கூடிய ஒன்றைப் பதிவு செய்யாமல், உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ இயந்திர முறையில் ஐம்பது தடவைக்கு மேல் துணியில் போட்டுவிட்டால் அந்தக் காப்புரிமை போய்விடும். ஆகவே கையெழுத்துக்கு முன்னால் ஒரு வக்கீலைப் பாருங்கள். அதற்கு ஆகும் பணம் ஒரு பட்டுப் புடவை விலைகூட இருக்காது. ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் தேதியும் பெயரும் எழுதி, மூலப் படத்தைப் பெண் தன்னிடமே வைத்துக்கொள்ளட்டும். கல்யாணம் பேசுகிற இடத்தில் என்ன சொல்வது என்று வேறு கேட்டிருக்கிறீர்கள். படம் வரைகிறாள் என்றுதான்! வேறென்ன சொல்வீர்கள்?

போன வாரம் பேத்தி போனில் பேசினாள். எதிர்வீட்டுக் குருவியின் இரண்டு குளிர்காலத் தவணை இந்தப் பங்குனியோடு முடிகிறதாம். அந்தக் கம்பெனி இன்னும் ஒரு வருஷத்துக்குக் கேட்டு எழுதியிருக்கிறது. இந்தத் தடவை தொகையை இவளே சொல்லட்டும் என்று என் மருமகள் பக்கத்தில் நின்று தூண்டிவிடுகிறாளாம். பதில் இன்னும் போகவில்லை.